திருமலையில் வெளிநாட்டு மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதை நிறுத்துவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

திருகோணமலை மாவட்டத்தில் ஜேர்மன், பிரெஞ்சு, கொரியன் என்று ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழியை வீட்டிலோ, ரியூசன் கொட்டகையிலோ, பாடசாலையிலோ சொல்லிக்கொடுக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கில ஆசிரியர்களையும் சேர்த்தே அழைக்கிறேன். அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று சொல்லலாம். ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளியிலோ வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் கேளாமல் வளரும் பிள்ளைக்கு அது வெளிநாட்டு மொழிதான்.

உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பதினோரு வருடமாக ஜேர்மன் கற்பிக்கிறேன். பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை, மகன் பாவித்து விட்ட ஒரு பழைய மடிக்கணினி. வருகிறவர்களில் பாதிப் பேர் கலியாணம் முடித்துவிட்டு ஜேர்மனிக்குப் போகக் காத்திருக்கும் பெண்கள். 2007 ஆகஸ்ட்டில் இருந்து, கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்களில் பெரும்பாலானோர் இங்கிருந்து கிளம்பும் முன்பே ஏ1 என்ற தொடக்கநிலை அளவுக்கு ஜேர்மன் தெரியும் என்று காட்டியாக வேண்டும். மீதிப் பேர் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டலிலோ படகிலோ வேலை செய்யும் பொடியன்கள். சீசனில் வரும் ஜேர்மன்காரரோடு நாலு வார்த்தை பேசினால் வருமானம் கூடும் என்று வருகிறவர்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளை இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் அந்த ஏ1 பரீட்சையை எழுதினாள். கேட்டல், வாசிப்பு, எழுத்து மூன்றும் ஓரளவு போயின. பேச்சுப் பரீட்சையின் கடைசிப் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். அதில் ஒரு பொருளின் படம் இருக்கும். அவளுக்கு வந்தது ஒரு கிளாஸ். அவள் உடனே, தெளிவாக, “டஸ் இஸ்ட் ஐன் க்ளாஸ்” என்றாள். இது ஒரு கிளாஸ். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் கேட்பது அதுவல்ல. படத்தை வைத்து எதிரே இருப்பவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். “கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா?” என்றாலே போதும். அடுத்த அட்டையிலும் பெயர்தான் சொன்னாள். 100க்கு 60 வேண்டும், அவளுக்கு 57 வந்தது.

திரும்பி வந்து என் விறாந்தையில் இருந்து அழுதாள். அடுத்த பரீட்சைக்குத் தவணை கிடைத்து, எழுதி, முடிவு வர ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதத்துக்கு நான்தான் காரணம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுவரை வகுப்பில் நான் செய்தது என்ன? இணையத்தில் தேடி எடுத்த படங்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, “வஸ் இஸ்ட் டஸ்? இது என்ன?” என்று கேட்பது. பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். அப்பிள், மேசை, குடை, கிளாஸ். வகுப்பு கலகலவென்று நடப்பதுபோல் இருக்கும். படத்தைக் கண்டால் பெயர் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை இரண்டு வருடமாக அவளுக்குள் ஏற்றியது நான்.

படம் காட்டி மொழி கற்பிப்பது புதிய விசயம் இல்லை. கொமேனியஸ் என்ற செக் நாட்டு ஆசிரியர் 1658இல் நியூரம்பேர்க்கில் பிள்ளைகளுக்காக ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். ஒரு பக்கத்தில் லத்தீனும் ஜேர்மனும் இருக்கும், மேலே ஒரு படம், படத்தின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு இலக்கம், அதே இலக்கம் கீழே சொல்லுக்குப் பக்கத்திலும். அந்தப் படங்களில் பல தனிப் பொருட்கள் இல்லை. அடுப்படியில் வேலை நடக்கிறது, தச்சன் மரம் இழைக்கிறான், மாலுமி கப்பல் ஓட்டுகிறான். ஆள் இருக்கிறான், வேலை இருக்கிறது, அதனால் சொல்ல வாக்கியம் இருக்கிறது. முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வருடம் கழித்து, கோடிக்கணக்கான படங்கள் கையில் இருக்கும்போது, நாம் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் அப்பிளைத் தேடி எடுக்கிறோம்.

சரி, எதைத் தேடுவது, எப்படித் தேடுவது? நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, தேடும் மொழியை மாற்றுங்கள். நம்மில் அநேகர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுத்தான் படம் தேடுகிறோம். வருவது அமெரிக்க விளம்பரப் படம். ஒருநாள் வகுப்பில் கூகிள் படத்தேடலில் ‘பாண்’ என்ற பொருளுக்குரிய ‘ப்ரோட்’ என்ற சொல்லை ஜேர்மன் எழுத்திலேயே அடிக்கச் சொன்னேன். வந்தவை கறுத்த, மேலோடு வெடித்த, விதை தூவிய கட்டிகள். “இது பாணா, மிஸ்?” என்று கேட்டார்கள். பிறகு ‘ஃப்ரூஷ்டுக்’, காலைச் சாப்பாடு. சின்னப் பணிஸ், சீஸ், ஜாம், அவித்த முட்டை. பிறகு ‘ஆபென்ட்ப்ரோட்’. அதை அப்படியே பிரித்தால் ‘மாலைப் பாண்’, இரவுச் சாப்பாடு என்று பொருள். வந்த படங்களில் ஒரு சட்டியில்கூட ஆவி பறக்கவில்லை. பாண் துண்டு, இறைச்சித் துண்டு, ஊறுகாய் வெள்ளரி. இரவில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “அவங்கள் இரவில அடுப்பு மூட்டமாட்டாங்களா?” அந்தக் கேள்வியை ஜேர்மனில் எப்படிக் கேட்பது என்று அன்று முழுவதும் படித்தோம். எந்தப் பாடப்புத்தகமும் அந்த வாக்கியத்தை எனக்குத் தந்திருக்காது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலம் நடுவில் வராது. நம் பிள்ளைகள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனுக்கு வருகிறார்கள். வழியில் பொருள் சிந்துகிறது. தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. ஜேர்மனிலும் ‘டு’, ‘சீ’ என்று இரண்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நேரே வரவேண்டிய பிள்ளையை ஆங்கில வழியாகச் சுற்றிக் கூட்டிவந்து, பிறகு “மரியாதைப் பன்மை” என்று அரைமணி நேரம் விளக்குகிறோம். அதற்குப் பதிலாக மருந்துக் கடையில் நிற்கும் ஒரு மூதாட்டியின் படத்தைக் காட்டி, “இவவோட எப்படிக் கதைப்பீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். விளக்கமே தேவைப்படாது. கனடிய உளவியலாளர் அலன் பைவியோ 1971இல் விரிவாக எழுதிய கருத்து இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: சொல்லும் காட்சியும் மனதில் இரண்டு வழியாகப் பதிகின்றன, ஒன்று மற்றதை எழுப்புகிறது. ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துச் சொல்லைப் பதித்தால் எழும்புவது ஆங்கிலம்தான்.

இப்போது தெருப் படங்களைப் பற்றி. இதைத்தான் நான் உங்களோடு அதிகம் பேச விரும்புகிறேன். காரில் போய் எடுத்த தெருப் படங்களைக் காட்டும் கூகிள் ஸ்ட்ரீட் வியூ ஜேர்மனிக்கு 2010இல் வந்தது. அப்போது இருபது நகரங்கள்தான். எதிர்ப்பு வந்ததால் அடுத்த வருடமே புதிய படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 2023இல்தான் மீண்டும் புதிய படங்கள் வரத் தொடங்கின. இப்போது சின்ன ஊர்களின் தெருக்களும் தெரிகின்றன. போன வருடம் ஒரு மாணவியின் கணவர் இருக்கும் தெருவை வகுப்பில் திறந்தோம். அவளே திரையில் விரலை வைத்துப் போகட்டும் என்று விட்டேன். ரயில் நிலையத்தில் தொடங்கினாள். “நேரே போகிறேன். இடது பக்கம் திரும்புகிறேன். இங்கே ஒரு பேக்கரி.” சிவப்பு நிறத்தில் பெரிய ‘A’ எழுத்துப் போட்ட கடை என்னவென்று தெரியவில்லை. கிட்டப் போய் எழுத்தைக் கூட்டி வாசித்தாள்: அப்போதேக்க, மருந்துக் கடை. ஒரு வீடு மட்டும் முழுக்க மங்கலாக இருந்தது. ஏன் என்று கேட்டாள். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால் அந்த வீட்டை மங்கலாக்கிவிடுவார்கள் என்றேன். தன் வீட்டுப் படம் உலகம் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம், அதைக் கேட்டு நடக்கிறார்கள் என்பது வகுப்புக்கே புதினமாக இருந்தது.

கணவர் இருக்கும் கட்டடத்தை அடைந்தாள். வாசலுக்குள் கூகிள் கார் போகாதே. அன்று இரவு அவள் கேட்டு, கணவர் அழைப்பு மணிப் பலகையைப் படம் பிடித்து அனுப்பினார். அங்கே அடுக்குமாடி வாசலில் வீட்டு இலக்கத்துக்குப் பதிலாக ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் குடும்பப் பெயர் இருக்கும். பன்னிரண்டு பொத்தான்கள். பத்துப் பெயர்கள் நாலு, ஐந்து எழுத்தில் அடக்கமாக இருந்தன. அவற்றில் ஒன்று துருக்கியப் பெயர்போல இருந்தது. ஒரு பொத்தானில் பெயரே இல்லை. இடப்பக்கம் கீழிருந்து மூன்றாவதில், சீட்டை நிரப்பி விளிம்பு வரை போன ஒரு நீளப் பெயர். அவளின் மாமனாரின் பெயர். கணவரின் தகப்பன் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது, இனி அது அவளின் பெயரும்கூட. அந்தப் பிள்ளை அந்தப் படத்தை வைத்து வகுப்பில் ஏழு நிமிடம் ஜேர்மன் பேசினாள். யார் கீழே இருக்கிறார், யார் மேலே, பெயரில்லாத பொத்தான் யாருடையது, தபால்காரர் இந்தப் பெயரை எப்படி வாசிப்பார். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன், போகப்போகும் நாட்டின் படத்தை அலங்காரமாகக் காட்டாதீர்கள். பனி மூடிய மலையும் கோட்டையும் வேண்டாம். குப்பைத் தொட்டியைக் காட்டுங்கள். பெரும்பாலும் நீலம் கடதாசிக்கு, மஞ்சள் பொதி உறைகளுக்கு, மண்ணிறம் சமையல் கழிவுக்கு. போத்தல் திருப்பிக் கொடுக்கும் இயந்திரத்தைக் காட்டுங்கள். ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 யூரோ சதம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட் இயந்திரத்தின் திரையைக் காட்டுங்கள். போய் இறங்கிய முதல் வாரத்தில் பிள்ளை தனியாக நிற்கப்போவது இவற்றுக்கு முன்னால்தான். கொரியன் கற்பிக்கிறவர்களுக்கும் இதுதான்: அங்கே தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்குக் கருவியும் எச்சரிக்கைப் பலகையும் படமாகத் தெரிந்திருப்பது பரீட்சைக்கு மட்டும் தேவையான ஒன்றா? விரல் தப்புவதும் அதில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த படம் இரண்டு உலகமும் ஒன்றாகத் தெரியும் படம். ஜேர்மனியில் ஹாம் நகரில் 2002இல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அதன் தேர்த்திருவிழாப் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தேர், வடம், சேலை, காவடி, பக்கத்தில் ஜேர்மன் பொலிஸ்காரர், பின்னால் ஜேர்மன் தெருப்பலகை. கோணேசர் தேரைச் சின்ன வயதில் இருந்து பார்த்த பிள்ளைக்கு அந்தப் படத்தில் பாதி ஏற்கனவே தெரியும். தெரிந்த பாதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தெரியாத பாதிக்குச் சொல் தானே கேட்கும்.

இங்கே வேலை செய்யும் பொடியன்களுக்கு வழி நேரெதிர். அவர்களுக்கு ஜேர்மனிப் படம் அவ்வளவு தேவையில்லை. திருமலைப் படம்தான் தேவை, அதை ஜேர்மனில் சொல்லத் தெரிய வேண்டும். கோட்டை வாசலில் நிற்கும் மானை எல்லா வெள்ளைக்காரரும் படம் பிடிக்கிறார்கள். எங்கள் பொடியன் ஒருவன் அகராதி பார்த்து அதை ‘ரே’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். ‘ரே’ என்று படம் தேடிப் பார்த்தோம். சின்ன மான், உடம்பில் புள்ளியே இல்லை. பிறகு ‘ஹிர்ஷ்’ தேடினோம், பெரிய கொம்பு. கடைசியில் ‘அக்ஸிஸ்ஹிர்ஷ்’ என்று தேடியபோது நம் புள்ளிமான் முகம் காட்டியது. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் அதை இனி மறக்கமாட்டான். கன்னியாவின் ஏழு கிணறுகள், கரைவலை இழுப்பது, புறாமலைக்குப் போகும் படகில் பாதுகாப்பு அங்கி போடச் சொல்வது, இவற்றுக்கெல்லாம் படம் வைத்து வாக்கியம் பழக்கியிருக்கிறேன்.

வகுப்பில் எப்படிப் பாவிக்கிறேன் என்பதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பேரை முதுகுக்கு முதுகு இருத்துவேன். இருவருடைய போனிலும் கிட்டத்தட்ட ஒரே படம், கோட்டையடியில் நான் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தது. ஒன்றில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் இரண்டு மான், மற்றதில் மூன்று. ஒன்றில் இளநீர்க்காரர் நிற்கிறார், மற்றதில் அவரின் கதிரை மட்டும். படத்தைக் காட்டாமல், ஜேர்மனில் மட்டும் பேசி, வித்தியாசம் ஐந்து கண்டுபிடிக்க வேண்டும். கேட்காமல் விட்டால் விளையாட்டு நகராது. கூச்சப்படுகிற பிள்ளைகூட இருபது நிமிடம் கேள்வி கேட்கிறது. இதற்கு புரொஜெக்டர் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம், இரண்டு போன் போதும். இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுவேன், ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். அழித்து அழித்து மீண்டும் பதியலாம் என்பதால் பயம் குறைகிறது. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கி, பலகையில் இருக்கும் எழுத்து மங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், எழுத்து தெளிவாக இருக்கும். சிக்னல் கிடைக்காத பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் ஒரு கிழமைப் படங்களை மெமரி கார்ட்டில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். மான் பத்திரிகை வாசிப்பதுபோல் ஒரு படம் வேண்டுமானால் தாராளமாகச் செய்யுங்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள், வாக்கியமும் வரும். ஆனால் வெளிநாட்டின் தெரு இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்கு அதைப் பாவிக்காதீர்கள். எங்குமே இல்லாத வீதிக் குறியையும், எந்த மொழியிலும் இல்லாத சொல்லைக் கொண்ட கடைப் பலகையையும் அது வரைந்து தரக்கூடும். நாட்டையே பார்த்திராத பிள்ளைக்கு எது பொய் என்று தெரியாது.

உரிமை விசயமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்காக நியாயமான அளவில் ஒருவரின் ஆக்கத்தைப் பாவிக்க இடம் கொடுக்கிறது. வகுப்பில் காட்டுவது ஒன்று, அதே படத்தை ரியூட்டில் அச்சடித்து விற்பது வேறொன்று. அச்சடிப்பதென்றால், மற்றவர்கள் பாவிக்கலாம் என்று எடுத்தவரே அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு இருக்கும் படங்களை விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் எடுங்கள், எடுத்தவர் பெயரைக் கீழே போடுங்கள். நம் பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பழகட்டும்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். நாம் எல்லோரும் சேர்ந்து திருமலைப் படத் தொகுப்பு ஒன்றைச் செய்வோம். தபாலட்டைப் படங்கள் வேண்டாம், அவை ஏற்கனவே போதுமான அளவு இருக்கின்றன. ஆட்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும் படங்கள் வேண்டும். மீன் சந்தையில் நிறுப்பது, ரயில் நிலையத்தில் மும்மொழிப் பலகையின் கீழ் காத்திருப்பது, பஸ்ஸில் மிச்சக் காசு வாங்குவது. முகம் தெரிந்தால் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த மங்கலான வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம், முதுகோ கையோ போதும். ஒவ்வொரு படத்திலும் பேசத் தூண்டும் ஒன்று இருக்கட்டும்: காணாமல் போன ஒன்று, இடம் மாறிய ஒன்று, யாரோ யாரையோ பார்க்கும் ஒரு பார்வை. ஜேர்மன் ஆசிரியரும் கொரியன் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அதே படத்தை அவரவர் மொழியில் பாவிக்கலாம். படத்துக்கு மொழி இல்லையே.

என்னிடம் இப்போது 140 படங்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாம் நகரத்துப் பக்கம், கோட்டையும் கடற்கரையும் மத்திய வீதியும்தான். கிண்ணியாப் பாலத்தில் நின்று தூண்டில் போடுகிறவர்களின் படம் ஒன்றும் இல்லை. கந்தளாயில் வயல் அறுவடை இல்லை. சம்பூரில் தயிர்ச் சட்டி அடுக்கும் கடை இல்லை. மூதூரில் இருந்து யாராவது இதை வாசித்தால், விடியற்காலை இறங்குதுறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். வள்ளத்தில் இருந்து ஒருவர் கூடையைத் தூக்கிக் கொடுக்க, மேலே ஒருவர் குனிந்து வாங்கும் அந்த நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு கையும் கூடையில் இருக்க வேண்டும். ‘கொடுக்கிறார்’, ‘வாங்குகிறார்’ இரண்டையும் ஒரே படத்தில் சொல்லிக்கொடுக்க நான் நெடுநாளாகத் தேடுவது அதைத்தான்.

அன்புடன்,
உவர்மலையில் ஜேர்மன் கற்பிக்கும் உங்கள் சக ஆசிரியை